வால்வுப் பெட்டிக்கு வைத்த பொட்டு

இதை எழுத உட்கார்ந்து எழுந்தது எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. நோட்டு வாங்கி வைத்து நாலைந்து வருடம் ஆகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும்தான் இருந்தது. எழுதினால் மாரியம்மனைக் குறைத்துப் பேசியதாகிவிடுமோ, சோறு போட்ட முதலாளிக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ என்று நோட்டை மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். நான் கேஸ் டேங்கர் ஓட்டுகிறவன். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் லாரி இருந்தால் பக்கத்து வீட்டில் கோழிப்பண்ணை இருக்கும். என் சின்ன வயதில் சோளக்காடாக இருந்த இடமெல்லாம் இப்போது நீளநீளமாகப் பண்ணைக் கொட்டகை. இந்த இரண்டு தொழிலால்தான் ஊர் மாடி வீடு கண்டது, பிள்ளைகள் காலேஜ் பஸ் ஏறினார்கள். பண்ணை வாடை எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. வெளியூர்க்காரர் மூக்கைப் பிடித்தால்தான் அப்படி ஒரு வாடை இருப்பதே எங்களுக்கு ஞாபகம் வரும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கேஸ் இறக்கும் இடத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. என் முறை வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். முதலாளி போன் செய்தார்.

"எங்கப்பா நிக்கற?"

"இங்க பக்கத்துலதாங்ணா. வரிசை நகரவே இல்லீங்க."

"மத்த வண்டியெல்லாம் வடக்க மாட்டிக்கிச்சு. பூசைக்கு ஒரு வண்டியாவது ஊருல நிக்கோணும். காலியா, லோடா?"

"லோடுங்ணா."

பக்கத்தில் யாரிடமோ வேறு வண்டி ஏதாவது வருமா என்று கேட்டார். பிறகு, "வந்துட்டுப் போயிரு. கோயில் முன்னால ஒரு மணி நேரம். நம்ம ஆத்தாதான இருக்கறா" என்றார்.

லோடு வண்டியைக் குடியிருப்புக்குள் நிறுத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். டிரைவர்களுக்கு நடக்கும் பயிற்சியில் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். முதலாளி மேல் மட்டும் பழி போட எனக்கு மனசில்லை. மாட்டேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். மனைவியையும் மகளையும் பார்த்து இருபது நாளாகியிருந்தது. பூஜை அன்றைக்கு வீட்டில் இருக்க ஆசைப்பட்டேன். அதுதான் உண்மை.

மறுநாள் காலையில் எங்கள் மாரியம்மன் கோயில் முன்னால் வண்டியை நிறுத்திக் கழுவினேன். டேங்கின் கீழே பக்கவாட்டில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். கேஸ் ஏற்றும், இறக்கும் வால்வுகள் அதற்குள்தான். அந்தப் பெட்டிதான் எனக்குச் சோறு போடுகிறது, அதற்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று தோன்றியது. திறந்தேன். ஒரு வால்வின் வாய் மூடியைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்தேன். கழற்றியபோது புஸ் என்று கொஞ்சம் வந்தது. குழாயில் நின்ற மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வால்வு முழுசாக மூடாமல் இருந்திருக்கிறது, அந்த மூடிதான் அதுவரை அடைத்துக்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. மூடியைத் திரும்பப் போட்டு முறுக்கினேன். மூடிக்குள் இருக்கும் வாசர் வளையம் கோணலாக உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. பெட்டியைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது சனம் கூடியிருந்தது. வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். வாடை அடித்தது. ஒருவர் பண்ணைக்காரரைப் பார்த்து, "என்னுங்க மாமா, இன்னைக்குமா? நல்ல நாளும் அதுவுமா ஊரையே நாறடிக்கறீங்களே" என்றார்.

"எங்க கோழியச் சொல்லாட்டி உனக்குச் சோறு எறங்காதே. திங்கற முட்டை மட்டும் மணக்குதாக்கும்" என்றார் பண்ணைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அதில் கெட்ட வாடை கலக்கிறார்கள். இத்தனை வருடம் கேஸ் ஓட்டிய நானும் அதைப் பண்ணை வாடை என்றே எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். வால்வுப் பெட்டிப் பக்கம் நின்றவள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. இந்தப் பொட்டி ஐஸாட்டம் சில்லுனு இருக்குது. சந்தனம் ஒட்டவே மாட்டேங்குதுங்க."

வெயிலில் நிற்கிற இரும்பு சில்லென்று இருக்காது. கிட்டே போய்க் கதவைத் திறந்தேன். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. மெதுவாகச் சீறுகிற சத்தம். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த நேரத்துப் பயத்தை எப்படிச் சொல்வது? கேஸ் புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரித் தரையோடு பரவும். என் மகள் சக்கரத்துக்குப் பக்கத்தில் செருப்பில்லாமல் நின்றாள். வண்டிக்கு முன்னால் பூசாரி வெள்ளைப் பூசணிக்காய்மேல் சூடம் வைத்து, தீப்பெட்டியை உரசினார். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது குச்சியை எடுத்தார்.

கத்தினால் சனம் மிரண்டு ஓடும், பக்கத்தில் நிற்கிற பைக்கை எவனாவது உதைப்பான். மஞ்சள் தண்ணீர்க் குடம் ஒன்று கீழே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, பூசணிக்காய், தீப்பெட்டி, பூசாரி எல்லாவற்றின் மேலும் கவிழ்த்தேன். மேளம் நின்றது.

"குடிச்சிருக்கறியா?" என்றார் முதலாளி. எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியைக் கிளப்பவேண்டும் என்று அவர் ஏறக் காத்திருந்தார். சாவி என் பையில் இருந்தது.

"கேஸ் வருதுங்ணா. எல்லாரும் கோயிலுக்குப் பொறகால போங்க. நடந்தே போங்க. போனத் தொடாதீங்க."

யாரும் அசையவில்லை. என் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளைப் பார்த்துப் பெண்கள் நடந்தார்கள். பிறகு எல்லோரும்.

அப்போதுதான் கோயிலுக்குள் எரிகிற விளக்கு கண்ணில் பட்டது. மூன்று படி ஏறினால் கருவறை.

"சாமி, உள்ள வெளக்கையும் அணைச்சிருங்க" என்றேன் பூசாரியிடம்.

"அது அணையா வெளக்குப்பா. எங்கப்பன் காலத்துல இருந்து எரியுது."

"உங்க காலுல உழுகறேன். அணைங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பூவால் அதை அமர்த்தினார். இருட்டில் அம்மன் முகம் மறைந்தது.

பித்தளை ஸ்பேனரை எடுத்தேன். இரும்பு பட்டால் பொறி வரும். கை மரத்துத் தோல் மூடியோடு ஒட்டிக்கொண்டது. ஆத்தா, ஆத்தா என்று சொல்லிக்கொண்டே வாசரைச் சரியாக உட்கார வைத்து முறுக்கினேன். சீறல் நின்றது. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு குமிழும் வரவில்லை. காற்று எல்லாவற்றையும் அடித்துப் போகட்டும் என்று வெகுநேரம் காத்திருந்து, வண்டியை ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் பொட்டலுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அழுதேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். "ஊருக்குக் காலி வண்டின்னே இருக்கட்டும். லோடுன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும்" என்றார். தலையாட்டினேன்.

காலி வண்டி என்றால், கேஸ் வருகிறது என்று நான் எதற்கு ஓடினேன்? ஊர் அதற்குத் தானே ஒரு காரணம் கண்டுபிடித்தது. ஆத்தா என்மேல் அருளாக இறங்கினாள், வரப்போகிற கண்டத்தைத் தடுக்கத் தன் விளக்கையே அணைத்துக்கொண்டாள் என்றார்கள். அடுத்த வருடம் ஒரு பெண் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிவந்து திருநீறு போடச் சொன்னாள். கேஸைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பூசாரியிடம் நடந்ததைச் சொன்னேன். "ஊரு சந்தோசமா கும்பிடுது. எதுக்குங்க கெடுக்கறீங்க" என்றார்.

போன ஆயுத பூஜைக்கு அதே கோயில் முன்னால் மூன்று டேங்கர் நின்றன. ஒன்று லோடு. ஓட்டியவர் எனக்குப் பழக்கம். எடுத்துப் போகச் சொன்னேன்.

"உங்கள அன்னைக்குப் பாத்துக்கிட்டவ என்னையப் பாத்துக்க மாட்டாளாங்ணா?" என்று சிரித்துக்கொண்டே சூடம் பற்றவைத்தார்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் மூடி வைத்த பொய்தான் அந்த வண்டியை அங்கே நிறுத்தியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆத்தா காப்பாற்றினாள் என்பதை நான் மறுக்கவில்லை. சில்லிப்பை என் மனைவி கைக்குக் காட்டியது அவள்தான். ஆனால் ஆபத்தை அங்கே கொண்டுவந்தவன் நான்.

படிக்கிறவர்களை நான் கும்பிட்டுக் கேட்பது ஒன்றுதான். டேங்கர் ஓட்டுகிறவர் வீட்டிலும், லாரி வைத்திருப்பவர் வீட்டிலும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது அருள் வந்தது என்று சேர்க்காதீர்கள். வண்டி லோடு என்பதையும், மூடியைக் கழற்றியவன் நான் என்பதையும் விட்டுவிடாதீர்கள். என்னை நல்லவனாக்க ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்.