மலையேறினால் மட்டும் வரும் சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கல்லூரிகளில் சேர்க்கை நடந்துகொண்டிருந்த சமயம். கள்ளக்குறிச்சியில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் முகம் சூடாகிவிடுகிறது.

எனக்குக் கல்வராயன் மலையில் அங்கன்வாடி வேலை. அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் ஏறி இறங்குவேன். கணவர் கரும்பு வெட்டப் போகிறவர். ஒரே மகள். பத்தாம் வகுப்பு முடித்ததும் ஆட்டோமொபைல் டிப்ளமோதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது.

ஆனால் முதல் வருடக் கட்டணத்துக்கும் ஹாஸ்டலுக்குமே இரண்டு கறவை மாடுகளை விற்றாக வேண்டும். பால் காசில்தான் எங்கள் வீட்டுச் செலவு ஓடியது. ஒர்க்‌ஷாப்பில் சும்மா சேர்ந்தாலே கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்கு எதற்கு மூன்று வருடப் படிப்பு என்று ஊரே கேட்டது. என் கொழுந்தனார் ஒரு படி மேலே போய், "கிரீஸ் கையோட நிக்கிற பொண்ண எவன் அண்ணி கட்டிக்கினு போவான்?" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பெரிதாகப் படவில்லை. மாடும் போய், படிப்புக்கேற்ற வேலையும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். சாப்பாடு இறங்கவில்லை.

பெண் கொடுப்பதற்கு முன், மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அவனைப் பற்றி விசாரிப்போமே, அப்படி இந்தப் படிப்பையும் விசாரித்துவிடலாம் என்று தோன்றியது. அந்த சர்வீஸ் சென்டரில் இதே டிப்ளமோ முடித்த ஒருவர் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேராகக் கேட்டால் கௌரவத்துக்காகக் கூட்டித்தான் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் படும் பாட்டைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மறுநாள் மாடு பிடிக்க ஆள் வருவதாகப் பேச்சு. லீவு போட்டுவிட்டு, ஒரு கோளாறும் இல்லாத ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"முன்னாடி இன்னாமோ கடகடன்னு சத்தம் வருதுங்க" என்றேன். வண்டியைப் பார்க்க வந்தவர் நான் தேடிப்போன அந்த டிப்ளமோக்காரரேதான். முப்பது வயதுக்குள் இருக்கும். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்னும் கேக்கலியேக்கா" என்றார். மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, "மலை ஏறும்போது மட்டும்தாங்க வருது" என்று அளந்துவிட்டேன். இனி கழற்றிப் பார்ப்பார், நாமும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று என் நினைப்பு. அவரோ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "அப்ப ஏத்திப் பாத்தாதான் தெரியும். இருங்க, வந்துடறேன்" என்று கிளம்பியேவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரம். சாப்பிடக்கூட இல்லை மனிதர்.

ஒரு மணி நேரம் ஆயிற்று, வரவில்லை. மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மழை பெய்தால் அந்த வளைவுகள் எப்படி வழுக்கும் என்று தினமும் போகிற எனக்குத் தெரியாதா? போன் போட்டார்கள், போகவில்லை. அங்கே பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. இரண்டு மணி நேரமும் தாண்டியது. "எங்க போய் சுத்திக்கினு இருக்கானோ" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தினார். இல்லாத சத்தத்தைத் தேடி ஒரு மனிதரை மலைக்கு அனுப்பிவிட்டேனே, ஏதாவது ஆகிவிட்டால் அவர் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வேன்? வேண்டாத சாமி இல்லை. மாடு, கட்டணம் எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை.

தொப்பலாக நனைந்து வந்து இறங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சூப்பர்வைசர் திட்டித் தீர்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, முன்சக்கர பேரிங்கை மாற்றி பில் போட்டு அனுப்பச் சொன்னார். எனக்கும் அது கேட்டது.

"ஏழெட்டு வளைவு ஏறி எறங்கிப் பாத்துட்டேன் சார். பேரிங் நல்லாத்தான் இருக்குது. நல்லா இருக்கறத மாத்த மாட்டேன்" என்றார் அவர்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்துகொண்டே, "மொதல்லயே கேட்டிருக்கலாமேக்கா" என்றவர், எதையும் மறைக்காமல் சொன்னார். ஆரம்பத்தில் சம்பளம் ரொம்பக் கம்மியாம். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகிய நண்பர் ஒருவர் சொந்தக் கடை வைத்து இவரைவிட ஜாஸ்தி சம்பாதிக்கிறாராம். ஆனால் புது வண்டியில் சென்சார், ஒயரிங் என்று வந்தால் அந்த நண்பர் போன் செய்வது இவருக்குத்தான். "பொண்ணுக்கு ஆசை இருந்தா அனுப்புங்க. ஒடனே காசு வந்துடும்னு நம்பிக்கினு மட்டும் அனுப்பாதீங்க."

பயம் தீர்ந்து வீடு திரும்பினேன் என்றால் அது இன்னொரு பொய். பயம் கூடத்தான் செய்தது. ஆனாலும் மறுநாள் மாடுகளை அவிழ்த்துக் கொடுத்தேன்.

மகள் இப்போது மூன்றாம் வருடம். போட்ட பணம் திரும்புமா என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. அந்த மனிதரைப் போல அவளும் நல்லதை நல்லது என்று சொல்கிற ஆளாக வந்தால் போதும் என்று நினைக்கிறேன். நினைத்த மறுநிமிடமே, நாளைக்கு அவள் வேலை பார்க்கிற இடத்துக்கு என்னைப் போல ஒருத்தி இப்படி ஒரு பொய்யோடு வந்து நிற்கக் கூடாதே என்று கவலையாகிவிடுகிறது.