முள் பார்க்கும் மேசை

இங்கே சிலர் ‘ஆமாம்’ என்பதை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்கிறார்கள். ‘யா’ என்ற சொல் வெளியே வராமல் தொண்டைக்குள் போய்விடும். காலடியில் பாம்பைக் கண்டவர் திடுக்கிடுவதுபோல் இருக்கும். நார்வேயின் வடக்கே, கடலோரத்து மீன் கம்பெனியில் சேர்ந்த புதிதில், மீன் துண்டுகளை இந்தப் பக்கம் அடுக்கலாமா என்று மேலாளர் த்ரூண்டிடம் கேட்டேன். அவர் அப்படி மூச்சை இழுத்தார். யாருடைய விரலோ இயந்திரத்துக்குள் போய்விட்டது என்று பதறி, சிவப்புப் பொத்தானை அமுக்கி, ஓடிக்கொண்டிருந்த பெல்ட் முழுவதையும் நிறுத்திவிட்டேன். விஷயம் புரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். டாலியா மட்டும் சிரிக்கவில்லை.

டாலியா லித்துவேனியாக்காரி. எனக்கு முன்பே வந்தவள். கத்தி பிடித்தால் அவள் கையைக் கண்ணால் பின்தொடர முடியாது. “சந்தனமாரிக்கு மொழி புரியாது, அவளை நம்பித் தரம் பார்க்க விடக்கூடாது” என்று அன்றிலிருந்து சாப்பாட்டு அறையில் சொல்லத் தொடங்கினாள். எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் என் முன்னாலேயே சொன்னாள். அந்த அளவுக்குப் புரிந்தது.

தரம் பார்க்கும் நிரந்தர வேலை ஒன்று காலியாக இருந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்கு என்று பேச்சு. அவளுக்கு இந்த நாட்டில் இருக்க வீசா தேவையில்லை. எனக்கு ஒப்பந்தம் முடிந்தால் எல்லாம் முடிந்தது. கணவர் இறந்தபின் மகளை அக்காவிடம் விட்டு வந்தவள் நான். நிரந்தரமானால்தான் மகளைக் கூப்பிட வழி பிறக்கும். அந்த நினைப்பு என்னை உட்காரவிடவில்லை. வேலை முடிந்ததும் மொழி வகுப்புக்கு ஓடுவேன். பேருந்துக்குக் காத்திருக்கும்போது பனியில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே வினைச்சொற்களை உருப்போடுவேன். என்னைப் பார்த்து நாய்கள்கூட விலகிப் போகும்.

இங்கே வருமுன் தூத்துக்குடியில், துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணவாய் மீனின் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தருவைகுளத்துப் படகுகளிலிருந்து வரும் கூடைகளை முகர்ந்தே பாதி சொல்லிவிடுவேன். கூட வேலை பார்த்த ஒருத்தி, நான் படகுக்காரர்களிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு கெட்ட சரக்கை விடுவதாக ஒரு பேச்சைக் கிளப்பினாள். யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. டீ குடிக்கப் போனால் கூட்டம் கலையும். நிலக்கரி லாரிகள் போகும் சாலையில் முகத்தை மூடிக்கொண்டு போகிறவர்கள்கூட என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். சோறு இறங்கவில்லை. பொய் என்று பின்னால் தெளிந்தபோது, அதைச் சொல்லவும் யாரும் வரவில்லை. அந்த வேலையை விட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒரு சொல் ஒருத்தியை என்ன செய்யும் என்பது எனக்குப் பட்டுத் தெரியும்.

குளிர்காலக் கடைசியில் வாடிக்கையாளர் ஒருவர் சரக்கைத் திருப்பி அனுப்பினார். மீன் துண்டுகளில் முள். அன்று முள் பார்த்தவள் டாலியா. த்ரூண்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்த வேலைக்கு டாலியா சரிப்படுவாளா? மனதில் இருப்பதைச் சொல்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து அக்காவை அழைத்தேன்.

“ஏளா, இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ ஒன்னப் பத்தி எல்லார்ட்டயும் சொல்லுதா. நீயும் ஒரு வார்த்தை சொல்லிர வேண்டியதான?”

“யக்கா, அந்த முள்ளு பாக்குத மேசையில வெளக்கு சரியில்ல. நான் நின்னப்பவும் கண்ணு கூசுச்சு. அங்கன யார் நின்னாலும் முள்ளு தப்பும்.”

“அத ஒங்கிட்ட கேட்டானாக்கும்? ஒம்புள்ள இங்கன தெனமும் அம்மா எப்ப கூப்புடுவான்னு கேக்கா.”

அக்கா சொன்னதில் தப்பில்லை என்பதுதான் என்னைப் படுத்தியது. படகுத்துறையில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தேன். திரும்பிப் போய் த்ரூண்டிடம், “டாலியாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவள் வேகம்தான். மேசையைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். நான் அங்கே நிற்கிறேன், பாருங்கள்” என்றேன்.

மீன் துண்டைக் கண்ணாடியின் மேல் வைத்தால், கீழிருந்து வரும் வெளிச்சத்தில் முள் நிழலாகத் தெரிய வேண்டும். அந்த மேசையில் ஒரு ஓரம் மங்கி மஞ்சளாகிவிட்டிருந்தது. எல்லோரும் பார்க்க நான் நின்றேன். பெல்ட் ஓடியது. நான் சரி என்று தள்ளிய துண்டுகளை த்ரூண்ட் விரலால் தடவிப் பார்த்தார். முள் இருந்தது, ஒன்றுக்கு மேல். என் வேலையை நானே தொலைத்துவிட்டேன் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். விளக்கை மாற்றினார்கள். பிறகு டாலியா நின்றாள், ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆனாலும் வேலை எனக்குத்தான் கிடைத்தது. மொழித் தேர்வில் தேறியிருந்தேன். ஊரில் தரம் பார்த்த அனுபவமும் இருந்தது. அவர்கள் சொன்ன காரணங்கள் அவை. டாலியா பல நாள் என்னோடு பேசவில்லை. ஒருநாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து நின்றாள்.

“த்ரூண்ட் என்னைப் பற்றி உன்னிடம் கேட்டாராமே. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் உன்னைப் பற்றித் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன்.”

“தெரியும்” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நாங்கள் தோழிகளாகிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சாப்பாட்டு அறையில் என் பெயர் அடிபடும்போதும் இப்போது எனக்குச் சோறு இறங்குகிறது. தூத்துக்குடியில் எனக்குக் கிடைக்காத ஒன்று அது.

மகளுக்கு வீசா வந்துவிட்டது. பரீட்சை முடியட்டும் என்கிறாள், பிறகு சிநேகிதியின் பிறந்தநாள் என்கிறாள். “நீ எப்பம்மா இங்கன வருவ?” என்று அவள் கேட்கிறாள், “நீ எப்ப இங்கன வருவ?” என்று நான் கேட்கிறேன். இரண்டு பேரும் ‘இங்கன’ என்றுதான் சொல்கிறோம்.

ஊரில் காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் எதிரே இருக்கும். நிழல் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் விழும். இங்கே கடல் மேற்கே. காலை இடைவேளையில் படகுத்துறை விளிம்பில் நிற்கிறேன். என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு, தண்ணீரில் இறங்கி, அலையில் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. கால்கள் மட்டும் இந்தக் கரையில் நிற்கின்றன.