பிள்ளை என்று நினைத்த கட்டி

தை மாதம் எனக்கு நாள் தள்ளிப் போனது. கல்யாணமாகி ஏழு வருடம். இதற்கு முன் இரண்டு தடவை இப்படித் தள்ளி, குச்சியில் பரிசோதித்துப் பார்த்து, ஊருக்கெல்லாம் சொல்லி, பத்தே நாளில் எல்லாம் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை என் மாமியார் கண்டிப்பாக இருந்தார்.

"குச்சியும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். அஞ்சு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்கப்பிடாது, ஏட்டி."

நானும் திறக்கவில்லை. புதூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் கண்ணேறுக்குப் பயப்படாதவர்கள் யாருமில்லை. அதிலும் பிள்ளையில்லாதவள் எதற்குத்தான் பயப்பட மாட்டாள்?

மாசியில் தலைவலி தொடங்கியது. மாத்திரை போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று சுக்கை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு கிடந்தேன். பங்குனியில் ஒரு நாள் குளிக்கும்போது மார்பில் பால் கசிந்தது. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாலே வந்துட்டு தாயி, இனி என்ன!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை எழுத இப்போதும் கை கூசுகிறது.

மிளகாய்ப் பழம் பறிக்கையில் என் நிரையில் பழம் நிறைய விட்டுப் போனது. "நேரா இருக்கத மட்டும் பறிக்கியே, ரெண்டு பக்கமும் கெடக்கது யாருக்கு? மாசமா இருந்தா கண்ணுமா அவிஞ்சு போவும்?" என்று மாமியார் கேலி செய்தார். நானும் சிரித்தேன். பக்கவாட்டுப் பார்வை இருட்டிக்கொண்டு வருவது எனக்கே தெரியவில்லை.

சித்திரைக் கடைசியில் கோவில்பட்டியில் சாலையைக் கடக்கும்போது, பக்கத்தில் வந்த ஆட்டோ தெரியாமல் போய் மோதி விழுந்தேன். சிராய்ப்புதான். ஆனால் என் வீட்டுக்காரர் பயந்து போய், அம்மா சொன்னதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, வயிற்றை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனார்.

"வயித்துல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் டாக்டரம்மா.

"கலைஞ்சிட்டா?"

"கர்ப்பமே இல்லம்மா."

பால் வருகிறதே என்று சண்டைக்குப் போனேன். மெஷின் கோளாறு என்றுகூடச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தன் கையை என் காதுப் பக்கமாக நீட்டி, "என் விரல் தெரியுதா?" என்று கேட்டார்.

"எந்த விரலு?" என்றேன்.

மதுரையில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பிட்யூட்டரியில் (மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி) கட்டி. அது புரோலாக்டினை (பால் சுரக்க வைக்கும் சுரப்புநீர்) அளவில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. பால் அதனால் வந்தது. மாதவிலக்கு அதனால் நின்றது. புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டிதான் என்றார்கள். ஆனால் அது கண் நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. இந்தக் கட்டி பலருக்கு மாத்திரையிலேயே சுருங்கிவிடுமாம். எனக்கும் அதைத்தான் முதலில் கொடுத்தார்கள். கட்டி சுருங்கவில்லை, பார்வை இன்னும் குறைந்தது.

"மண்டையத் தொறக்கணுமா சார்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வேண்டாம். மூக்கு வழியாவே போய் எடுத்துடலாம்" என்றார் டாக்டர். எண்டோஸ்கோப் (முனையில் விளக்கும் கேமராவும் உள்ள மெல்லிய குழல்) என்று ஒரு படத்தைக் காட்டினார். நான் படத்தைப் பார்க்கவில்லை.

ஆனி மாதம் ஆபரேஷன் நடந்தது. மூக்கு இரண்டும் அடைத்திருக்க, வாயால் மூச்சு விட்டுக் கிடந்தேன். சிந்தக் கூடாது, முக்கக் கூடாது, குனியக் கூடாது. மூக்கில் தண்ணீராக வடிந்தால் அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும் என்றார்கள். தூங்கவே பயமாக இருந்தது. மூன்றாம் நாள், நேரே பார்த்தபடியே பக்கத்துக் கட்டில் தெரிந்தது. அதில் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"ஒன் கண்ண நாந்தான் கெடுத்தேன்" என்றார்.

"நீங்க மட்டுமா அத்தை? நானுந்தான் ஆசப்பட்டேன்" என்றேன். கோபமும் இருந்தது. இன்னும் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாள் தள்ளினால் அந்தக் குச்சியை வாங்கிப் பாருங்கள். பிள்ளை இல்லாமல் பால் கசிந்தாலும், பக்கத்தில் வருவது தெரியாமல் போனாலும் டாக்டரிடம் ஓடுங்கள். ஐந்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் கண்தான் போகும்.

வீட்டுக்கு அனுப்புமுன் டாக்டர், "பால் நின்னுட்டுதா?" என்று கேட்டார். நின்றுவிட்டது என்றேன். "ரொம்ப நல்லதும்மா" என்றார். வார்டு கழிவறைக்குப் போய் அழுதேன். ஓங்கி அழவும் முடியாது, மூக்குக்கு ஆகாது.

எடுத்த கட்டி எவ்வளவு பெரிது என்று கேட்டதற்கு நெல்லிக்காய் அளவு என்றார்கள்.

இப்போது பங்குனி. பார்வை முக்கால்வாசி திரும்பிவிட்டது. மாதவிலக்கு இன்னும் வரவில்லை. வருமா என்று டாக்டரும் உறுதி சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் என்று சீட்டில் எழுதுகிறார்கள். என் உடம்பு வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. பிள்ளை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அது புரட்டாசியில் பிறந்துவிட்டது. இந்த மாதம், உட்கார வைத்தால் சாயாமல் உட்கார்ந்திருக்கும்.