கொலுசுக்குப் பழகிய கிடாரி

மாமனாருக்கு முழங்கால் அறுவை முடிந்த வாரம், கிடாரிக் கன்றை நடக்கப் பழக்கும் வேலை என்னிடம் வந்தது. புதுச்சத்திரம் பக்கத்தில் நடக்கும் கால்நடைக் கண்காட்சிக்கு அவர் முன்பே பெயர் கொடுத்துவிட்டார். நடுவர்கள் முன்னால் அது தலைக்கயிற்றோடு ஒரு சுற்று திமிறாமல் நடந்து காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன்.

படித்தவள் அல்லவா, போனில் வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்தேன். கட்டிலில் படுத்திருந்த மாமனார் சிரித்தார். "அதுக்கு உன்ற நோட்டு தெரியாது சாமி. ஒரு எட்டு வெச்சா கயித்தை லூசு உடு. நின்னுதுன்னா நீயும் நில்லு. அவ்வளவுதான்."

ஒன்றரை வயது மகள் இறக்கிவிட்டால் அழுவாள். மாமியார் அந்நேரம் பால் கறந்துகொண்டிருப்பார். அதனால் விடிந்ததும் இடது இடுப்பில் அவள், வலது கையில் கயிறு. கிணற்றிலிருந்து மரவள்ளிக் காடு வரைக்கும் போய்த் திரும்புவோம். கன்று முட்டினால், நான் விழுந்தால், குழந்தை அடியில் சிக்கினால் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். ஆனாலும் தூக்கிக்கொண்டுதான் போனேன். அவள் காலை ஆட்டி ஆட்டிக் கொலுசைக் குலுக்குவாள். மூன்றாவது வாரம் கிடாரி என் தோளை ஒட்டி நடந்தது.

கண்காட்சியில் காளைகளும் கூட்டமும் இருந்ததால் குழந்தையைப் பந்தலில் மாமியாரிடம் விட்டேன். கிடாரியோடு திடலுக்குள் இறங்கினேன். பத்தடி போனதும் அது நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. கயிற்றைத் தளர்த்தினேன். நின்றேன். கெஞ்சினேன். ஒரு எட்டு வைக்கவில்லை.

பின்னால் காளையோடு நின்றவர் சொன்னார்: "ஏனுங்க, நீங்க அதைப் புடிச்சுட்டு வந்தீங்களா, அது உங்களைப் புடிச்சுட்டு வந்துதுங்களா?"

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் போனைக் கையில் வைத்துக் காத்திருக்கும் மாமனாருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்போது பந்தலில் மகள் அழுது காலை உதைத்தாள்; கொலுசு குலுங்கியது. கிடாரியின் காது அந்தப் பக்கம் திரும்பியது. நான் அதைக் கயிற்றுக்குப் பழக்கியிருக்கவில்லை.

மாமியாரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். தடுப்புக் கயிறு வரைக்கும் வந்தார். "கொழந்தையத் தரட்டுமா கண்ணு?"

வாங்கியிருப்பேன். ஆனால் பின்னால் அந்தக் காளை மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"வேண்டாங்க அத்தை. கொலுசை மட்டும் கழட்டிக் குடுங்க."

திருகு லேசில் கழலவில்லை. அதற்குள் இரண்டு மாடுகள் எங்களைத் தாண்டிப் போயின. கொலுசுகளை இடது கையில் பிடித்துக் குலுக்கினேன். கிடாரி ஒரு எட்டு வைத்தது. கயிற்றைத் தளர்த்தினேன். முழுச் சுற்றும் நடந்தது. பரிசு எதுவும் இல்லை.

மாமனாரிடம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குழந்தையோடு பழக்கியதற்குத் திட்டுவார் என்று இருந்தேன்.

"நடந்துதல்ல? உடு. அடுத்த வருசம் அதுக்கே ஒரு ஜோடி கொலுசு வாங்கிரலாம்."

"சரிங்க மாமா" என்றேன். மூன்று வாரம் குழந்தையைச் சுமந்த இடது இடுப்பு விண்ணென்று வலித்தது.