எங்கப்பனாகப் பேசறேன்

ஏற்காடு கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த சையத் இப்ராஹிமின் மகள் சுபைதா, தினமும் முதல் பஸ் பிடித்து மாரமங்கலம் போய் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவர். மலைக்கு எத்தனையோ டீச்சர்கள் வந்தார்கள், மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். இவர் அசையவில்லை. சரியான பிடிவாதக்காரி!

வெள்ளிக்கிழமை கடைசி மணியில் அவர் வகுப்பில் ஒரு விளையாட்டு. ஒரு பிள்ளை இன்னொருவராகத் தன்னை நினைத்துக்கொண்டு, ‘நான்’ என்று பேச வேண்டும். இந்த வாரம் எனக்கு எது சந்தோசம், எது வருத்தம் என்று.

எண்பத்து நாலில், காப்பிப் பழம் பறிக்கும் பருவம். அத்தாயி என்ற சிறுமி தன் தோழி காளியாயியாகப் பேசினாள். “எங்கப்பன் ஊட்டுக்கு வராத நாளுதானுங்க எனக்குச் சந்தோசம்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். சின்ன ஊர். வகுப்பில் சொன்னது சாயங்காலமே தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடாதா? அதை யோசிக்க வேண்டாமா இந்தம்மா?

அடுத்த வெள்ளி, அதே மணியில், காளியாயியின் அப்பன் ஐயாக்கண்ணு எஸ்டேட்டிலிருந்து நேராக வந்து வாசலை மறித்து நின்றார். இடுப்பில் கொடுவாள்.

“ஏனுங்க டீச்சரு, எங்கூட்டுக் கதைதான் உங்களுக்குப் பாடமுங்களா? காளியாயி, பையை எடு. நாளைக்கிருந்து பழம் பறிக்க வா.”

பழம் பறிக்கப் போன பெண்பிள்ளை பள்ளிக்குத் திரும்பி சுபைதா பார்த்ததேயில்லை.

“தப்பு என்மேலதானுங்க. என்னைத் திட்டுங்க, புள்ளையை விட்டுடுங்க.”

ஐயாக்கண்ணு அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காளியாயி பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள்.

“இன்னிக்கு என் முறைங்க டீச்சர்.”

“யாராப் பேசப்போற சாமி?”

“எங்கப்பனா.”

காளியாயி வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். “நான் ஐயாக்கண்ணு. சனிக்கெழம பழத்துல பச்சைக்காய் கலந்துருச்சுன்னு கணக்கெழுதற ரைட்டரு எல்லார் முன்னாலயும் என் கூடையைக் கொட்டிட்டாரு. மண்ணுல உக்காந்து பொறுக்குனேன். ஊட்டுக்குப் போனா எம்புள்ள என்னைக் கண்டு ஓடி ஒளியறா. எனக்கு நொம்ப வருத்தமுங்க.”

ஐயாக்கண்ணு மகளையே பார்த்தார். “அதை நீ பாத்தியா?”

“சோறு கொண்டாந்தனே.”

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் சுபைதாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டைத் திறக்கவே கை வரவில்லை. நிமிர்ந்தால், காளியாயி எதிரே நிற்கிறாள்.

“டீச்சர், வர்ற வெள்ளிக்கெழம அப்பனும் பேச வரலாமுங்களான்னு கேக்கச் சொன்னாரு.”

“யாராப் பேசவாம் கண்ணு?”

“நானாப் பேசோணுமாமுங்க. எனக்கு என்ன சந்தோசம்னு ரெண்டு நாளா எங்கிட்டயே கேட்டுட்டு இருக்காருங்க.”