உயிலில் எழுதிய உறவு

போன வாரம் ஏழுமலை அண்ணாத்தே குழாயடியில் மயங்கி விழுந்தார். ராயபுரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர். ஹார்பரில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். தண்ணீர்க் குடத்தோடு விழுந்தார். குடம் நசுங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பார்க்க வந்தான் அவருடைய அண்ணன் மகன், எண்ணூரிலிருந்து. சாத்துக்குடி கொண்டு வந்தான். சித்தப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசினான். அப்புறம் வெளியே போய் வீட்டு வாசலை அடி வைத்து அளந்தான் — குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட.

பட்டம்மா அண்ணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எந்த உரிமையில் தடுப்பாள்? அண்ணாத்தேயோடு அவள் குடித்தனம் இருபத்தைந்து வருஷம். ஆனால் அவர் கட்டிய தாலி இல்லை. முன்னே அவளைக் கட்டியவன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினான். கடிதம் இல்லை, சேதி இல்லை. இருக்கிறானா, இல்லையா... யாருக்குத் தெரியும்? அதனால் இவர் தாலி கட்டவில்லை. பிள்ளையும் இல்லை. தெருவில் யாரும் தாலியைப் பற்றிக் கேட்டதில்லை.

சட்டம் கேட்கும். அண்ணாத்தே கண்ணை மூடினால் வீடு அண்ணன் மகனுக்கு. அண்ணி தெருவுக்கு.

மறுநாள் அவரிடம் சொன்னேன். "அண்ணாத்தே, வூட்ட அண்ணி பேருக்கு உயில் எழுதிடு."

"இன்னா நைனா, என்னை அனுப்பிடலாம்னு பாக்கறியா?"

"எழுதினா சாவு வராது. எழுதாம போனாதான் பேஜாரு."

"அதுக்குப் பதிலா இப்பவே அவ பேருக்கு மாத்திக் குட்த்துடறேன்."

"அதுவும் வேணாம். செட்டில்மென்ட் எழுதினா அப்புறம் திரும்ப வாங்க முடியாது. உயிலுன்னா நீ கீற வரைக்கும் வூடு உன்னுது. மனசு மாறினா மாத்தி எழுதலாம்."

"மனசு எங்க மாறப் போவுது?" என்றார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில், மரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார்.

"வீடு பரம்பரைச் சொத்தா?"

"இல்ல சாமி. நான் ஒழச்சி வாங்கினது."

"அப்போ யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். பட்டம்மாள் உமக்கு என்ன உறவு?"

அண்ணாத்தே என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன்.

"சம்சாரம்" என்றார்.

விலாசத்துக்காக ரேஷன் கார்டை நீட்டினேன். நீட்டாமல் இருந்திருக்கலாம். பத்திரக்காரர் படித்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுல அக்கான்னு போட்டிருக்கே?"

யுத்த சமயத்தில் கார்டு எழுத வந்த குமாஸ்தாவும் 'என்ன உறவு' என்றுதான் கேட்டானாம். அண்ணி பக்கத்திலேயே நின்றாளாம். அண்ணாத்தேவுக்கு வெட்கம். வாயில் வந்தது — அக்கா. அண்ணியைவிட இவர் ஆறு வயசு பெரியவர்! அப்புறம் புதுக் கார்டு வரும்போதெல்லாம் அக்காவும் கூடவே வந்தாள்.

தாலி இல்லாததையும் அண்ணன் மகன் வாசலை அளந்ததையும் நான் சொன்னேன். பத்திரக்காரர் சிரிக்கவில்லை. "தாலி கட்டாதவங்களை சம்சாரம்னு எழுதினா, பொய்னு அந்தப் பையன் கோர்ட்டுக்குப் போவான். இந்தக் கார்டையும் காட்டுவான். உறவே வேண்டாம். பேரு, தகப்பன் பேரு, விலாசம் — அது போதும். உயில் செல்லும்."

எனக்கு நிம்மதி. அண்ணாத்தே எழுந்துவிட்டார்.

"வெறும் பேரப் போட்டா... ரோட்ல போறவளுக்குக் குட்த்த மாரி கீதே சாமி."

"உமக்கு வீடு முக்கியமா, உறவு முக்கியமா?"

"ரெண்டும்தான்."

பத்திரக்காரர் கண்ணாடி நூலைக் காதில் இறுக்கினார். பிறகு பேனாவை எடுத்தார். "உட்காரும். நடந்ததை நடந்தபடி சொல்லும். நிஜத்தை எழுதறதுக்கு என்ன?"

அண்ணாத்தே சொன்னார். பத்திரக்காரர் எழுதினார். அண்ணாத்தே கைநாட்டு வைத்தார். நானும் பக்கத்து டீக்கடை பாயும் அவர் எதிரிலேயே சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். ரிஜிஸ்தரும் ஆயிற்று.

வீட்டில் அண்ணி கேட்டாள். "இன்னாயா எழுதிகினு வந்த?"

"அது நான் செத்தப்புறம் படிக்கிறது."

"தப்பா கீதுன்னா அப்போ யார்கிட்ட சண்ட போடறது? இப்பவே படிக்கச் சொல்லு."

நான் மூணாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

'மேற்படி பட்டம்மாளை ரேஷன் கார்டில் என் அக்கா என்று சொன்னது நான். வெட்கத்தால் சொன்ன பொய். அவள் என் அக்கா அல்ல. இருபத்தைந்து வருஷமாக என்னோடு குடும்பம் நடத்தி, என் நல்லது கெட்டதில் கூட இருந்தவள். என் காலத்துக்குப் பின் என் வீடு அவளுக்கே.'

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"வூட்ட பத்தி எழுதினத வுடு தம்பி. அதுக்கு மேல ஒண்ணு படிச்சியே... அத்த இன்னொரு தபா படி."

படித்தேன். அண்ணாத்தே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னாள். அப்போதும் அவர் திரும்பவில்லை.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது எழுத வேண்டியது பாக்கி இருக்கிறதா? எழுதிவிடுங்கள். சாட்சி போடுங்கள், ரிஜிஸ்தர் பண்ணுங்கள்.

அப்படியே ஒரு தடவை படித்தும் காட்டிவிடுங்கள் — சண்டை போட நீங்கள் எதிரில் இருக்கும்போதே.