மலையை இடஞ்சுற்றக் கூடாது

எங்கள் ஊர், போடியிலிருந்து குரங்கணிக்குப் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம். ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போவது கல் பாவிய பழைய பாதை. காப்பித் தோட்டங்களுக்குள் நெட்டுக்குத்தாக ஏறும். வலது பக்கம் போவது ஜீப்பு ரோடு. வளைந்து வளைந்து, யாரையும் சிரமப்படுத்தாமல் ஏறும். இரண்டும் மேலே ஒரு மொட்டை மேட்டில் சந்திக்கும். நானும் ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தவன்தான். ஆனால் அந்த மேட்டிலிருந்து தெரிகிற காட்சிக்கு ஈடாக ஒன்றை இதுவரை பார்த்ததில்லை.

போன ஆடி மாதம் என் மனைவிக்கு மதுரையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், ஏற்றம்கூட ஏறலாம், மெதுவாகப் போனால் போதும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவளுடைய இதயம் சரியாகிவிட்டது. பயம்தான் சரியாகவில்லை. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தால் போதும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஊர் வாயை அடைக்கிறவள், மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தாள். போடியில் எனக்கு ஒரு பம்புசெட் கடை இருக்கிறது. கடையில் உட்கார்ந்திருக்கும்போது போன் மணி அடித்தாலே, வீட்டிலிருந்துதானோ என்று கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். இப்படியே விட்டால் உடம்பு நன்றாக இருக்க, மனுஷி மட்டும் ஒடுங்கிப் போய்விடுவாள் என்று தோன்றியது. அதனால்தான் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையைச் சுற்றிவிட்டு வரலாம் வா என்று கூப்பிட்டேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள்.

ஜீப்பு ரோட்டில் ஏறி, முடிந்தவரை நடந்து, அதே வழியில் திரும்பிவிடுவது என் திட்டம். முடிந்தால் மேடு வரை போய் அந்தப் பக்கம் இறங்கலாம். பாலத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்பினேன். அவள் நின்றுவிட்டாள்.

“எங்கிட்டுப் போறீக?”

“இதுதான் லேசான பாதை.”

“மலையை இடஞ்சுத்தாவா கூட்டிட்டுப் போறீக? இடஞ்சுத்து எங்கன சுத்துவாகன்னு தெரியாதா உங்களுக்கு?”

தெரியும். எங்கள் பக்கத்தில் இடஞ்சுற்றாகச் சுற்றுவது சுடுகாட்டில் மட்டும்தான். மேட்டில் ஒரு கருப்பசாமி கல் இருக்கிறது, வேறு கோயில் எதுவும் இல்லை. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் இந்த மலையைச் சுற்றினால் வலமாகத்தான் சுற்றுவார்கள். வலமாக என்றால் மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். அதற்கு இடது பக்கத்துப் பாதையில்தான் ஏற வேண்டும். ஆக, உலகத்தில் எவனும் இறங்குவதற்கு வைத்திருக்கிற பாதையில் நாங்கள் ஏறி, ஏறுவதற்குப் போட்ட ரோட்டில் இறங்குவோம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவளை நெட்டுக்குத்தாக ஏற்றுகிற கிறுக்குத்தனம் எங்கள் ஊரில்தான் நடக்கும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வெரசா ஒரு முடிவுக்கு வா. ஜீப்பு ரோடு, இல்லேன்னா வீடு,” என்றேன்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்பாதையில் ஏற ஆரம்பித்தாள். இடஞ்சுற்றின் மேல் இருந்த பயம், ஏற்றத்தின் மேல் இருந்த பயத்தை ஜெயித்துவிட்டது. நானும் பின்னால் ஏறினேன்.

மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. கற்களுக்கு இடையில் தண்ணீர் கசிந்து ஓடியது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஆளுயரத்துக்கு மேல் ஏறியிருந்தது. காப்பிச் செடிகளில் பழம் சிவந்து கிடந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நின்றாள். களைப்பு என்று ஒத்துக்கொள்ளவே மாட்டாள். ஒரு இடத்தில் செருப்பு வாரைச் சரிசெய்தாள், ஒரு இடத்தில் காப்பிப் பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டாள். நடிக்கிறாள் என்று தெரிந்தும் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு, “யக்கா, என்ன சோலியா இம்புட்டுத் தூரம்?” என்று கேட்டாள்.

“ஒரு சோலியும் இல்ல. சும்மா சுத்திட்டு வரப் போறோம்,” என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆளுக்குத்தான் புத்தி இல்லை என்பது தெளிவாக எழுதியிருந்தது.

மேடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் அது நடந்தது. முன்னால் போனவள் சட்டென்று ஒரு பாறையில் உட்கார்ந்தாள். கை நெஞ்சுக்குப் போனது. முகம் வியர்த்திருந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைப் பையில் தேடினேன். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. ஜீப்பு ரோட்டில் போயிருந்தால் இந்நேரம் ஒரு வண்டியை மறித்திருக்கலாம். அவளுக்கு விட்டுக்கொடுத்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

“வலிக்குதா?”

அவள் கண்ணை மூடியபடி இருந்தாள். நெஞ்சுக்குள் எதையோ உற்றுக் கேட்கிறவள் மாதிரி இருந்தது. பிறகு கண்ணைத் திறந்தாள்.

“வலி இல்லீங்க,” என்றாள். குரலில் ஆச்சரியம் இருந்தது. “அடிக்குது, அம்புட்டுத்தேன். மலை ஏறுனதுக்கு அடிக்குது.” என் கையை இழுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள். ஓடுகிற மோட்டாரில் கை வைத்தால் கோளாறு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அவள் நாடி வேகமாக, ஆனால் ஒரே சீராக ஓடியது. எனக்கும் அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்த மாத்திரையை நீங்க போட்டுக்கங்க,” என்று சிரித்தாள். ஐந்து மாதத்தில் நான் கேட்ட முதல் கேலி அது.

மேட்டை அடைந்ததும் காற்று எங்களைத் தள்ளியது. கீழே போடி முழுவதும் தெரிந்தது. கண்மாய்கள் நிறைந்து பளபளத்தன. தென்னந்தோப்புகள், மாந்தோப்புகள், மில்லுகளின் தகரக் கூரைகள், தெற்கே தேவாரம் வரைக்கும் கட்டம் கட்டமாக வயல். இந்தப் பக்கம் மலைக்குப் பின்னால் மலையாக, மேலே போகப் போக ஏலக்காட்டின் கருத்த பச்சை. கடவுள் ஓரவஞ்சனை பண்ணியிருக்கிறார், எங்களுக்குக் கொஞ்சம் கூடவே கொடுத்துவிட்டார் என்று அங்கே நிற்கும்போது எப்போதும் தோன்றும். அவள் கருப்பசாமி கல்லுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, எங்கள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினாள்.

ஜீப்பு ரோட்டில் இறங்கும்போது, லோடு இறக்கிவிட்டு வந்த ஜீப்புக்காரர் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னார். என் முழங்கால் அவருக்கு நன்றி சொல்லத் தயாராக இருந்தது. “நீங்க போங்க அண்ணே, சுத்து பாதியில நின்டுரும்,” என்று அவரை அனுப்பிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். பழைய நடை, பழைய குரல். நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

ரோட்டோரம் இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துக் காயோடு நின்றன. அவள் ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“பங்குனியில இதெல்லாம் வெடிச்சுப் பஞ்சாப் பறக்கும்ல. மேட்டுல நின்டு பாத்தா எப்படி இருக்கும்? அப்ப ஒருதரம் வருவோம்.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, வரப்போகிற ஒரு மாதத்தின் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. “வருவோம். கல்பாதையிலேயே ஏறுவோம்,” என்றேன்.